இல்லாத சண்டையில் நான் இறந்த கதை

ஏப்ரல் 20, ஞாயிறு

சுனைக்கோட்டை வாழ் பெருமக்கள் அனைவருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது என்னவென்றால், எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பின்மூடி இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவின் காலடியில் சிக்கிக் காலமானது. அன்னாரின் பிரிவால் வாடும் இரண்டு பேட்டரிகளும் ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு துக்கம் காக்கின்றன.

சாவுக்குக் காரணம், சரித்திரப் படம். ராணி போர்க்களத்துக்குப் புறப்படுகிறாள், பின்னால் யானைகள், மேளம், எனக்குப் புல்லரிக்கிறது. அம்மா துள்ளி எழுந்தாள்.

"ஏல, நிறுத்துல! அந்த ராணி கையப் பாரு. அம்மை ஊசி போட்ட தழும்பு! ஆயிரம் வருசத்துக்கு முன்னால எந்த நர்சு வந்து குத்துனா?"

எழுந்த வேகத்தில்தான் ரிமோட்டை மிதித்தாள்.

என் அம்மா பொன்மாரி, பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு ஆசிரியை. அவளோடு போர்ப் படம் பார்ப்பதற்குப் போரே தேவலை. போன வருடம் தியேட்டரில், சோழர் காலத்து அரண்மனை அடுக்களையில் தக்காளிக் கூடையைப் பார்த்துவிட்டு, "தக்காளி நம்ம நாட்டுக்கு வந்தே ஐந்நூறு வருசம் ஆகலைல்லா!" என்று கத்தினாள். முன் வரிசைக்காரர் திரும்பி, "அக்கா, உங்க தக்காளியை இடைவேளையில விப்பாவளா?" என்று கேட்டார். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். நெஞ்சில் எட்டு ஈட்டி வாங்கிய பிறகும் கதாநாயகன் முழு மூச்சாக வசனம் பேசுவான். "உயிர் போறவன் இவ்வளவு பேச மாட்டாம்ல" என்பாள் அம்மா.

ஆனால் ஒன்று. ஊரில் யாருக்குப் பழைய விஷயத்தில் சந்தேகம் வந்தாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். பொன்மாரி டீச்சர் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. பள்ளியில் என் பந்தயமெல்லாம் ஒரே வாக்கியத்தில் முடியும்: "எங்கம்மா பொய் சொல்ல மாட்டா." பக்கத்து பெஞ்ச் ஜெபஸ்டின் இதுவரை என்னிடம் ஏழெட்டு முட்டை பப்ஸ் தோற்றிருக்கிறான்.

ஏப்ரல் 27

சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள்! எங்கள் ஊர்க் கோட்டையைப் படம் பிடிக்கப் போகிறார்கள். கோட்டை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இடிந்த மதில், ஒரு வாசல், நிறைய ஆடுகள். படத்தின் பெயர் 'கடைசி முரசு'.

உதவி இயக்குநர் கோகுலன் சென்னைக்காரர். வீட்டுக்கு வந்து அம்மா கொடுத்த டீயில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டே கதை சொன்னார். "க்ளைமாக்ஸ்ல கோட்டை வாசல்ல முந்நூறு பேர் மேடம். எதிர்ல கம்பெனிப் பீரங்கி. ஒருத்தரும் பின்வாங்கல..."

"சண்டையே நடக்கலையே தம்பி" என்றாள் அம்மா.

பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்தது.

அம்மா விளக்கினாள். இருநூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரக் கம்பெனியின் படை வந்தபோது கோட்டை வாசல் திறந்தே கிடந்தது. பாளையக்காரர் செவ்வந்தியப்பர், கொட்டுகிற மழையில், மக்களையும் மாட்டையும் விதைநெல்லையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டிருந்தார். "உள்ள ஒரு கிழட்டு நாய்தான் இருந்துச்சுன்னு அந்தக் கேப்டனே எழுதி வச்சிருக்கான்."

"நாயை வச்சு க்ளைமாக்ஸ் எடுக்க முடியாது மேடம். தப்பிச்சு ஓடின ராஜாவுக்கு யாரு டிக்கெட் எடுப்பா?"

"ஓடலை. ஊரையே காப்பாத்திக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு உசிரு போகலை."

"அதான் மேடம் பிரச்சினையே" என்றார் கோகுலன்.

மே 3

நான் நடிகன்!

கோகுலன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது, பீரங்கியோடு வந்து நாயிடம் சரணடையும் கேப்டனாக நான் பின்னால் நடித்துக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டார். எனக்கு முரசடிக்கும் பையன் வேடம், அவன் பெயர் காத்தான். குண்டு பட்டும் அடிப்பதை நிறுத்தாமல், முரசின் மேலேயே விழுந்து சாக வேண்டும். என் பெயர் இசக்கிராஜா, வேடம் ராஜா இல்லை என்றாலும் பரவாயில்லை. வசனம் ஒன்றே ஒன்று: "அடிக்கிற கை இருக்கிற வரைக்கும் கோட்டை இருக்கு!"

"படத்துல எவ்வளவு நேரம்ல வருவே?" என்றான் ஜெபஸ்டின்.

"கொஞ்ச நேரம்."

"அப்போ நீ நடிகன் இல்ல மக்கா, நொடிகன்."

இது நான் சொல்லியிருக்க வேண்டியது. திருடிவிட்டான்.

மே 9

படப்பிடிப்பு நின்றுவிட்டது.

இல்லாத சண்டையை எடுத்தால் ஊரில் யாராவது கேஸ் போடுவார்கள் என்று தயாரிப்பாளரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பயந்துவிட்டார். கோகுலன் வந்து சொன்னார்: "ஆதாரம் இருக்குன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா சண்டை மேடம். இல்லேன்னா கோட்டையில ஒரு டூயட் எடுத்துட்டு மூட்டை கட்டிடுவோம்."

"டூயட் எடுங்க" என்றாள் அம்மா. "செவ்வந்தியப்பருக்கு மூணு பொண்டாட்டி. அது உண்மை."

டூயட்டில் முரசுக்கு வேலை இல்லை.

மே 11

படம் போனால் என்ன? போர்வீரன் வெற்றி தோல்வியை ஒன்றாக எடுத்துக்கொள்வான். அம்மா அடுக்களையில் இருந்தாள். நிமிர்ந்து நின்று, "சினிமாதானம்மா, போவட்டும்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று வேறு விசேஷம் இல்லை. தலை வலிக்கிறது.

மே 13

சண்டை உண்டு! கோகுலன் போன் செய்தார். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. புது ஆதாரம் ஏதாவது கிடைத்திருக்கும். சரித்திரம் என்றால் அப்படித்தான், திடீர் திடீரென்று கிடைக்கும்.

அம்மா இரண்டு நாளாகக் குழம்பில் உப்பை மறக்கிறாள்.

மே 20

இன்று வீரமரணம் அடைந்தேன்.

முரசு பிளைவுட். காலையில் எங்கள் பக்கத்து வீரர்களாகச் செத்த அதே ஆட்கள், மதியம் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எங்களைச் சுட வந்தார்கள். வெயிலில் கோட்டின் சாயம் வழிந்ததால் ரத்தத்துக்குத் தனிச் செலவில்லை. நான் விழுந்த விழுகையைப் பார்த்து டைரக்டர் மானிட்டர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன் (ஒரு கண்ணை லேசாகத் திறந்து).

அம்மா படப்பிடிப்பைப் பார்க்க வரவில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் வேலை என்றாள். அது எப்போதோ முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 16

பிளஸ் ஒன் சேர்ந்தாயிற்று. பெயரில்தான் பிளஸ்.

ஜனவரி 14

படம் வெளியானது. தியேட்டரில் ஊரே இருந்தது. நான் செத்தபோது விசில், கைதட்டல், பின்னால் ஒரு அக்கா விசும்பினாள். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த சாவு.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கம்பெனிச் சிப்பாய் ஒருத்தன் ஜிப் வைத்த பூட்ஸோடு ஓடினான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மலை உச்சியில் செல்போன் டவர் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. தியேட்டரில் அம்மா பேசாமல் இருந்து நான் பார்ப்பது இதுதான் முதல் முறை.

கடைசியில் திரையில் எழுத்து வந்தது. 'இது சுனைக்கோட்டை மண்ணில் நடந்த உண்மை. ஆதாரங்களைத் தந்து உதவியவர்: வரலாற்று ஆசிரியை திருமதி பொன்மாரி.'

வெளியே வரும்போது ஜெபஸ்டின் தோளில் கை போட்டான். "சண்டையே நடக்கலைன்னு சொன்னியே மக்கா. எங்கம்மா பொய் சொல்ல மாட்டான்னும் சொன்னே. ரெண்டுல ஒண்ணு சொல்லு, எந்த பப்ஸைத் திருப்பித் தரப் போற?"

அவன் கையை உதறிவிட்டு வேகமாக நடந்தேன்.

ஜனவரி 15

பொங்கல். பேசவில்லை, சாப்பிட்டேன்.

மத்தியானம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன். "ஏம்மா சண்டை நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்த?"

அம்மா ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஏன்னு உனக்குத் தெரியாதால?"

"தெரியாது."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "சரி. தெரியாதுன்னா விடு."

பார்த்தீர்களா? கேள்வி கேட்டால் கேள்வியே மறுமொழி. மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் இப்படித்தான். தழும்புக்கும் தக்காளிக்கும் குதித்தவள், ஒரு முழுச் சண்டையையே சொந்தமாகத் தயாரித்திருக்கிறாள். இத்தனை வருடமாக நான் யாரை நம்பிப் பந்தயம் கட்டினேன்? இனி இந்த வீட்டில் எனக்குத் தாய் கிடையாது, வார்டன்தான்.

ஜனவரி 22

நான் ஃபிளெக்ஸ் ஆகிவிட்டேன். அதுவும் எப்படி!

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, வியாபாரிகள் சங்கத் தலைவர் பூலிங்கம் அண்ணாச்சியின் உபயம். 'சுனைக்கோட்டை தந்த சிறுவீரன், முரசு காத்தான் நினைவேந்தல்' என்று எழுதி, நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு என் முகம். படத்தில் இருந்து எடுத்தது. சுற்றி மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே 'வீரமரணம்'. அதற்கும் கீழே அண்ணாச்சி, கைகூப்பி, என்னைவிடக் கொஞ்சம் சின்னதாக. சிலர் செருப்பைக் கழற்றிக் கும்பிடுகிறார்கள். தினமும் என்னைத் திட்டுகிற பழக்கடைக்கார ஆச்சி என் படத்துக்குச் சூடம் காட்டினாள். அவளைத் தாண்டித்தான் நான் நடந்து போனேன். "தள்ளுல, சாமி கும்பிடுதேன்லா" என்றாள்.

"மக்கா, நீ ஓரமாத்தானே செத்தே? இது வீரமரணம் இல்ல, ஓரமரணம்" என்றான் ஜெபஸ்டின்.

சாயங்காலம் அம்மாவோடு காய்கறி வாங்கப் போனபோது அவள் அதைப் பார்த்தாள். நின்றாள். மாலைக்குள் இருக்கிற என்னைப் பார்த்தாள், பக்கத்தில் முருங்கைக்காய் வைத்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவில்லை. வலித்தது. வார்டனிடம் அதையெல்லாம் சொல்ல முடியாது. ராத்திரி சோற்றை இரண்டு முறை போட்டாள்.

ஜனவரி 24

அம்மா மேல் உள்ள கோபத்தை எங்காவது இறக்க வேண்டும். வரைபடத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, காலையில் டியூஷனுக்குப் போகிற வழியில் ஃபிளெக்ஸில் என் வாய்க்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்:

'நான் இன்னும் சாகவில்லை. கணக்கு டியூஷனுக்குப் போயிருக்கிறேன். இப்படிக்கு, காத்தான்.'

என் வாழ்நாளின் தலைசிறந்த படைப்பு.

ஜனவரி 25

ஊர் சிரிக்கவில்லை.

ஜனவரி 26

கொடியேற்றம் முடிந்ததும் பூலிங்கம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"டீச்சர், நம்ம வீரனை எவனோ கேலி பண்ணிட்டான். பக்கத்து ஊர்க்காரன் வேலைதான். ஃபிளெக்ஸுன்னா எவனும் ஒட்டுவான், கிழிப்பான். அதனால சங்கத்துல முடிவு பண்ணிட்டோம். கோட்டை வாசல்ல கல்லு நடுதோம். கருங்கல்லு, பத்தடி. அதுல என்ன வெட்டணும்னு நீங்கதான் எழுதித் தரணும். நீங்க எழுதினாத்தான அது சரித்திரம்!"

ஃபிளெக்ஸில் இருந்து கிழித்துக் கொண்டுவந்த தாளை மேசையில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள். என் 'ண' கோணலாக இருக்கிறது என்று எத்தனையோ முறை எழுதவைத்து அடித்தவள். தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

"பையனுக்கு மேடையில மாலை போடுதோம்" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார் அண்ணாச்சி.

பத்தடிக் கருங்கல். நான்.

பிப்ரவரி 1

அம்மா முன்னால் வெள்ளைத்தாள். காலையில் இருந்து அப்படியே இருக்கிறது. நான் பேசாவிரதத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"எழுதேம்மா. படத்துக்கு எழுதினேல்லா?"

"படம் நாலு வருசத்துல மறந்துரும். தப்பா இருந்தா இன்னொருத்தன் வேற படம் எடுப்பான். கல்லு அப்படி இல்லைல. நூறு வருசம் கழிச்சு என்னைய மாதிரி ஒருத்தி வந்து அதைத் தடவித் தடவிப் படிப்பா. அவளுக்கு அதான் ஆதாரம். நான் பொய் சொல்லியிருக்கேன்னு அவளுக்கு யாரு சொல்லுவா?"

"அப்போ என்ன பண்ணப் போற?"

"மேடையில சொல்லப் போறேன். சண்டை இல்ல, காத்தான் இல்ல."

"முதல்ல பொய் சொன்ன. இப்போ என்னையும் சேத்து அழிக்கப் போறியா? என்னைக் கொன்னுருவியா?"

"கொல்லலைல" என்றாள் அம்மா. "நீ செத்ததைத்தான் அழிக்கப் போறேன்."

ஆக, ஒரே தாயிடமிருந்து இரண்டு துரோகம். சொல்லக் கூடாததைச் சொன்னது ஒன்று. சொன்னதை இப்போது இல்லை என்று சொல்லப் போவது இன்னொன்று. ஊர் இவளை என்ன சொல்லும்? இனி யார் எங்கள் வாசலுக்குச் சந்தேகம் கேட்க வருவார்கள்? அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சும்மா எழுதினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பந்தல், மைக் செட், வெள்ளைத் துணியால் மூடிய கல். இன்னும் எழுத்து வெட்டவில்லை, டீச்சரின் வாசகத்துக்காகக் காத்திருக்கிறது. முன் வரிசையில் நான், கழுத்தில் ரோஜா மாலை. ஊர்ச் சனம் மொத்தமும் வந்திருந்தது.

அம்மா மைக்கைப் பிடித்தாள். வகுப்பில் பேசுகிற அதே குரல்தான்.

"எல்லாரும் என்னைய மன்னிக்கணும். இந்தக் கோட்டையில சண்டை நடக்கலை. முரசு காத்தான்னு ஒரு பையன் இல்லை. ரெண்டுக்கும் ஆதாரம் இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான்தான். அது பொய்."

பந்தல் முழுக்கச் சத்தம். அண்ணாச்சி எழுந்துவிட்டார். "என்ன டீச்சர் சொல்லுதிய? நம்ம முன்னோர் பயந்து ஓடினாவன்னா?"

"பயந்து ஓடலை அண்ணாச்சி. பச்சப்பிள்ளையையும் தூக்கிட்டு, நடக்க முடியாதவங்களையும் சுமந்துட்டு, மழையில மலை ஏறினாவ. அந்த வாசல்ல நின்னு எல்லாரும் செத்திருந்தா, இன்னைக்கு இந்தப் பந்தல்ல உக்கார யாரு இருப்பா? நாம அத்தனை பேரும் அன்னைக்கு நடந்து போனவங்க பெத்த வம்சம்லா. கல்லு நடுங்க. அவங்களுக்கு நடுங்க."

பழக்கடை ஆச்சி மட்டும் தலையை ஆட்டினாள். பின்னால் இருந்து ஒருவர், "இனிமே இந்த டீச்சர் சொல்லுதது எதை நம்ப?" என்றார். இன்னொருவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்தார், எதற்கென்று தெரியவில்லை.

அண்ணாச்சி கேட்டார். கோபமாக இல்லை, அதுதான் கொடுமை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "நீங்க ஏன் டீச்சர் பொய் சொன்னிய? ஒரு தப்பும் தாங்க மாட்டியளே. யாரு சொல்லி எழுதினிய?"

அம்மா நேராக அவரைத்தான் பார்த்தாள். முன் வரிசைப் பக்கம் கண் வரவே இல்லை.

"யாரும் சொல்லலை. எனக்குத்தான் ஆசை. பேரு திரையில வரணும்னு."

பிறகு யாரோ மைக்கை என் கையில் திணித்தார்கள். "தம்பி நீ சொல்லுப்பா, நீதானே நடிச்ச." மொத்த ஊரும் என்னைப் பார்த்தது. எதற்கெடுத்தாலும் எதிர்வார்த்தை வைத்திருக்கிற இந்த வாய் திறந்தது. மூடியது. மாலையில் இருந்து ஒரு ரோஜா இதழ் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதைத் துப்பினேன். அவ்வளவுதான் என் உரை.

வீட்டுக்கு நடந்து வந்தோம். எதிரே வந்தவர்கள் சிலர் அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 9

காலையில் அம்மா எப்போதும் போலப் பள்ளிக்குப் போனாள். வாசலில் யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் தப்பான தகவல் கண்ணில் பட்டால் உடனே திருத்திவிட வேண்டும் என்று சட்டம். அதனால்:

மே இருபதாம் தேதி டைரக்டர் அழவில்லை. செம்மண் தூசி. சாகிறபோது நான் இரண்டு முறை தும்மினேன், அதற்கு அவர் திட்டியது ஜெபஸ்டினுக்குக்கூடத் தெரியாது.

மே பதினொன்றாம் தேதி நான் நிமிர்ந்து நின்றதாக எழுதியிருப்பதும் தவறு. நிற்கவே இல்லை. அடுக்களைத் தரையில், கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். பதினைந்து வயதுப் பையன், மூக்கு ஒழுக. "செத்தவங்களுக்குத்தான் நீ எல்லாம் செய்வே, எனக்கு என்னம்மா செஞ்சிருக்கே" என்று கேட்டேன். அதற்கு முன்னால் அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், தப்பு என்றாள், அதட்டினாள். இதைக் கேட்டதும் அடுப்பை அணைத்தாள். தோசை பாதி வெந்து கல்லில் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னாலேயே கோகுலனுக்குப் போன் போட்டாள்.

நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். தெரியும். ஒரே ஒரு சண்டை வேண்டும் என்று அழுதேன். கொடுத்தாள்.